பிளக்-இன் ஹைபிரிட் காரைச் சொந்தமாக வாங்குவதா, மோட்டபிலிட்டியில் எடுப்பதா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் கணவருக்கு 2021இல் பக்கவாதம் வந்து வலது கையும் வலது காலும் பலமிழந்து போயின. நாங்கள் இருப்பது லண்டன் ஹாரோவில். முதலில் ஒரு பழைய பெட்ரோல் காரைச் சொந்தமாக வாங்கி ஓட்டினோம், அப்புறம் மோட்டபிலிட்டித் திட்டத்தில் ஒரு பிளக்-இன் ஹைபிரிட் எடுத்தோம். இரண்டையும் பார்த்துவிட்டதால் கோவிலிலும் கல்யாண வீட்டிலும் என்னைப் பிடித்து நிறுத்தி, "அக்கா, நாங்களும் எடுக்கலாமா?" என்று கேட்கிறவர்கள் அதிகம். ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் தனித்தனியாக எழுதியதை எல்லாம் இங்கே ஒன்றாகப் போடுகிறேன். தொகைகள் 2025-26 நிதியாண்டுக்கு உரியவை.

மோட்டபிலிட்டி என்றால் என்ன? யாருக்குக் கிடைக்கும்?

பிரிட்டனில் 1977இல் தொடங்கிய திட்டம் இது. உடல்நிலைக்காக அரசு தருகிற உதவித்தொகையில் நடமாட்டத்துக்கான பங்கை அப்படியே கொடுத்து ஒரு புதுக் காரைக் குத்தகைக்கு எடுக்கலாம். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் பிப், அதாவது தனிநபர் சுதந்திர உதவித்தொகை. அதில் நடமாட்டப் பிரிவில் உயர்ந்த விகிதம் கிடைத்திருக்க வேண்டும். குறைந்த விகிதம் வாங்குகிறவர்களுக்கு இந்தத் திட்டம் இல்லை. குழந்தைகளுக்கு டிஎல்ஏ, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான வாழ்க்கை உதவித்தொகை, அதிலும் நடமாட்டப் பிரிவின் உயர்ந்த விகிதம்தான், மூன்று வயதிலிருந்து கேட்கலாம். ஸ்காட்லாந்தில் இவற்றுக்கு வேறு பெயர்கள், ஆனால் வழி ஒன்றுதான். விண்ணப்பிக்கும் நாளில் உதவித்தொகை இன்னும் 12 மாதமாவது மீதம் இருக்க வேண்டும். பாதிக்கப்பட்டவருக்கு லைசென்ஸ் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, வீட்டில் வேறு யாராவது ஓட்டலாம்.

அப்பாவுக்கு 74 வயது, அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் வருகிறது. அதை வைத்து எடுக்கலாமா?

முடியாது. இந்தப் பதிலைச் சொல்லும்போதுதான் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும், ஏனென்றால் நம் வீடுகளில் நடக்க முடியாமல் இருப்பவர்கள் பெரும்பாலும் அப்பா அம்மாதான். அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் என்பது பென்ஷன் வயது தாண்டியவர்களின் பராமரிப்புக்கான தொகை, அதில் நடமாட்டப் பிரிவே கிடையாது. பென்ஷன் வயது தாண்டியபின் பிப்புக்குப் புதிதாக விண்ணப்பிக்கவும் முடியாது. அந்த வயதுக்கு முன்பே பிப் வாங்கியவர்கள் தொடரலாம், ஆனால் அதன் பிறகு நடமாட்டப் பிரிவைக் குறைந்த விகிதத்திலிருந்து உயர்த்த மாட்டார்கள். ஆகவே 60 வயதைத் தாண்டிய யாருக்காவது முழங்கால், முதுகு, நரம்பு என்று நடை குறைந்துகொண்டே வந்தால், "வயசானா இப்படித்தான்" என்று விட்டுவிடாமல் பென்ஷன் வயதுக்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள்.

நாங்கள் இன்னும் வேலை விசாவில்தான் இருக்கிறோம்.

பொது நிதி, அதாவது அரசு உதவித்தொகைகள், பெற முடியாது என்ற நிபந்தனை உங்கள் விசாவில் இருந்தால் பிப் கேட்கக் கூடாது. அப்படியானால் சொந்தமாக வாங்குவதுதான் வழி. நிரந்தர வதிவிடமோ குடியுரிமையோ கிடைத்த பிறகும், பொதுவாகக் கடைசி மூன்று வருடத்தில் இரண்டு வருடம் இங்கே இருந்திருக்க வேண்டும். அகதி அந்தஸ்து பெற்றவர்களுக்கு அந்த இரண்டு வருடக் கணக்கு இல்லை.

பிளக்-இன் ஹைபிரிட்டுக்கும் சாதாரண ஹைபிரிட்டுக்கும் என்ன வித்தியாசம்?

சாதாரண ஹைபிரிட்டில் சின்ன பேட்டரி, பிரேக் பிடிக்கும்போதும் எஞ்சின் ஓடும்போதும் தானே சார்ஜ் ஆகும், வயர் மாட்டும் வேலை இல்லை. பிளக்-இன்னில் அதைவிடப் பல மடங்கு பெரிய பேட்டரி. இரவில் மாட்டி வைத்தால் மறுநாள் முதல் 30, 40 மைல் மின்சாரத்திலேயே ஓடும், தீர்ந்ததும் பெட்ரோல் எஞ்சின் எடுத்துக்கொள்ளும். 2023இல் வந்த டொயோட்டா பிரியஸில் 13.6 யூனிட் பேட்டரி. இப்போதைய ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் பிளக்-இன்னில் கிட்டத்தட்ட 20 யூனிட். விளம்பரத்தில் போடும் மைலை அப்படியே நம்பாதீர்கள், குளிர்காலத்தில் நன்றாகவே குறையும். சில மாடல்களில் ஹீட்டரைப் போட்டாலே பெட்ரோல் எஞ்சின் விழித்துக்கொள்ளும். உடம்பில் ரத்த ஓட்டம் குறைந்தவரைக் கூட்டிக்கொண்டு ஜனவரியில் ஹீட்டர் இல்லாமல் போக முடியாது, அதனால் இதை டீலரிடம் குறிப்பாகக் கேளுங்கள்.

உண்மையில் எவ்வளவு மிச்சமாகும்?

எங்கே மாட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பெட்ரோல் லிட்டர் 1.35 பவுண்ட், ஒரு லிட்டருக்குப் 10 மைல் என்று வைத்தால் ஒரு மைலுக்கு 13.5 பென்ஸ் ஆகிறது. மின்சாரத்தில் ஒரு யூனிட்டுக்கு மூன்று மைல் ஓடும் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் சாதாரணக் கட்டணம் யூனிட் 27 பென்ஸ் என்றால் மைலுக்கு 9 பென்ஸ். இரவுக் கட்டணத் திட்டம் ஒன்றில் 8 பென்ஸுக்குக் கிடைத்தால் மைலுக்கு 3 பென்ஸுக்கும் கீழே. தெருவோரத்தில் 75 பென்ஸ் கேட்கும் பொது சார்ஜரில் போட்டால் மைலுக்கு 25 பென்ஸ், பெட்ரோலைவிட அதிகம்! வாரம் 100 மைல் ஓடுகிற வீட்டுக்கு, வீட்டில் மாட்டினால் வருடத்துக்குச் சுமார் 230 பவுண்டிலிருந்து 560 பவுண்ட் வரை மிச்சம். வீட்டில் மாட்ட வழியே இல்லை என்றால் ஒன்றும் மிச்சமில்லை, கனமான பேட்டரியைச் சும்மா சுமந்துகொண்டு பெட்ரோலில் ஓடுவீர்கள்.

ஐரோப்பிய ஆணையம் 2024 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கையும் இதைத்தான் காட்டுகிறது. சாலையில் உண்மையாக ஓடும் பிளக்-இன் கார்கள் சோதனைக்கூடக் கணக்கைப்போல மூன்றரை மடங்கு கரியமில வாயு வெளிவிடுகின்றன, முக்கியக் காரணம் மக்கள் போதுமான அளவு சார்ஜ் போடாததுதான்.

எங்கள் வீட்டுக்கு டிரைவ்வே, அதாவது வாசலில் கார் நிறுத்தும் சொந்த இடம், இல்லை. வயரை நடைபாதை மேல் போட்டுக்கொள்ளலாமா?

தயவுசெய்து வேண்டாம். சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போகிறவளாகச் சொல்கிறேன், நடைபாதையில் கிடக்கும் ஒரு வயர் எங்களுக்கு ஒரு சுவர் மாதிரி. நடைபாதையில் சின்ன வாய்க்கால் வெட்டி அதற்குள் வயரை விட அனுமதிக்கும் கவுன்சில்கள் இருக்கின்றன, உங்கள் கவுன்சிலில் விசாரியுங்கள். ஃபிளாட்டிலும் வாடகை வீட்டிலும் இருப்பவர்கள் தங்களுக்கென்று பார்க்கிங் இடம் இருந்தால், சார்ஜர் பொருத்த அரசு மானியம் கேட்கலாம். இரண்டும் நடக்காது என்றால் பிளக்-இன்னை விட்டுவிட்டுச் சாதாரண ஹைபிரிட்டைப் பாருங்கள்.

வீட்டில் பெரிய சார்ஜர் பொருத்த வேண்டுமா?

பிளக்-இன்னுக்குப் பெரும்பாலும் தேவையில்லை. சுவரில் இருக்கும் சாதாரண மூன்று முனை பிளக்கில் மணிக்கு இரண்டு யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே ஏறும், 13 யூனிட் பேட்டரி ஆறேழு மணி நேரத்தில் நிறைந்துவிடும், அதாவது தூங்கி எழுவதற்குள். பிரியஸ் போன்றவை உள்ளே 3.5 கிலோவாட் வரைதான் வாங்கும், அதற்கு 7 கிலோவாட் சார்ஜர் வாங்கி மாட்டினாலும் வேகம் கூடாது. ஆனால் பழைய வீடு என்றால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த பிளக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் கராஜில் இருந்த பிளக் முதல் வாரத்திலேயே கை வைக்க முடியாத அளவுக்குச் சூடானது, வயரிங்கை மாற்றிய பிறகுதான் தொடர்ந்து பயன்படுத்தினோம். எக்ஸ்டென்ஷன் வயர் போடவே போடாதீர்கள்.

மோட்டபிலிட்டியில் முழு மின்சாரக் கார் எடுப்பவர்களுக்கு வீட்டு சார்ஜர் பொருத்திக் கொடுக்கும் ஏற்பாடு உண்டு. பிளக்-இன்னுக்கும் அது தானாக வரும் என்று நினைத்துக்கொண்டு கையெழுத்துப் போடாதீர்கள்.

மோட்டபிலிட்டி கார் சும்மா கிடைக்கிற கார்தானே?

இல்லவே இல்லை, இந்தப் பேச்சைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். 2025-26இல் உயர்ந்த விகித நடமாட்டத் தொகை வாரம் 77.05 பவுண்ட். நான்கு வாரத்துக்கு ஒருமுறை 308.20 பவுண்ட் நம் கையில் வராமல் நேரே அவர்களுக்குப் போகிறது. மூன்று வருடக் குத்தகையில் 12,020 பவுண்ட். அந்தப் பணத்தைத் தொடாமல் பலர் டாக்ஸிக்கும் மருந்துக் கடைக்கும் வைத்துக்கொள்கிறார்கள், அதுவும் சரியான முடிவுதான். இதற்கு மேல் நல்ல பிளக்-இன்களுக்கு முன்பணமும் கட்ட வேண்டும், காரைத் திருப்பிக் கொடுக்கும்போது அது கையில் வராது. 2025 நவம்பர் பட்ஜெட்டில் அறிவித்தபடி 2026 ஜூலையிலிருந்து புதிய குத்தகைகளின் முன்பணத்துக்கு வாட் வரியும், இன்சூரன்ஸுக்கு அதற்கான வரியும் உண்டு. சக்கர நாற்காலியோடு ஏறும்படி மாற்றிய வண்டிகளுக்கு விலக்கு. அதே வாரத்தில் பிஎம்டபிள்யூ, மெர்சிடஸ், ஆடி, லெக்ஸஸ், ஆல்ஃபா ரோமியோ இவற்றைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

அப்படியானால் வாங்குவது லாபமா, குத்தகை லாபமா?

நான் நோட்டில் போட்ட உத்தேசக் கணக்கைச் சொல்கிறேன், உங்கள் எண்களை வைத்து நீங்களும் போட்டுப் பாருங்கள்.

குத்தகைக்கு 12,020 பவுண்ட், முன்பணம் 1,500 என்று வைத்தால் மொத்தம் 13,520, மாதத்துக்குச் சுமார் 375. இதற்குள் இன்சூரன்ஸ், சர்வீஸ், ரிப்பேர், டயர், கண்ணாடி, வழியில் நின்றுபோனால் ஆர்ஏசி உதவி எல்லாம் அடக்கம். மூன்று வருடம் முடிந்ததும் கையில் கார் இருக்காது.

மூன்று வருடப் பழைய பிளக்-இன் ஒன்றை 16,000க்கு வாங்கி, மூன்று வருடம் ஓட்டி 9,000க்கு விற்றால் இழப்பு 7,000. இன்சூரன்ஸ் வருடம் 1,100 வீதம் 3,300. சர்வீசும் எம்ஓடி என்ற வருடாந்தரச் சோதனையும் 900, டயர் 400, வழியில் நின்றுபோனால் வரும் உதவிக்கு 300. ஆகமொத்தம் 11,900, மாதம் 330. கேட்க மலிவாகத்தான் இருக்கிறது. ஆனால் முழுப்பணமும் கையில் இருந்தால்தான் இந்தக் கணக்கு. கடனில் எடுத்து 2,500 பவுண்ட் வட்டி கட்டினால் மாதம் 400ஐத் தொடும். பெரிய ரிப்பேர் ஒன்று வந்தால் அதற்கும் மேலே.

கணக்கையே புரட்டிப் போடுவது இன்சூரன்ஸ்தான். ஈஸ்ட் ஹாம், இல்ஃபோர்ட் போன்ற இடங்களில் உள்ளவர்களுக்கும், பழைய விபத்துக் கோரிக்கை உள்ளவர்களுக்கும் வருடம் இரண்டாயிரம் கேட்கிறார்கள் என்றால் குத்தகை வெகு மலிவு. ஒரு சின்ன ஊரில், நீண்ட காலம் விபத்தில்லாமல் ஓட்டி, வருடம் நான்காயிரம் மைல்தான் போகிறவர்கள் பழைய கார் ஒன்றை ரொக்கமாக வாங்கி, பிப் பணத்தைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது என்று நான் நினைக்கிறேன்.

எங்களுக்கு முடிவைத் தந்தது ஒரு நவம்பர் மாலை. ஏ40 சாலையோரத்தில் எங்கள் பழைய கார் நின்றுபோய், மழையில் இவரை உள்ளே உட்கார வைத்துக்கொண்டு இரண்டரை மணி நேரம் காத்திருந்தோம். கார் நின்றால் நாம் இறங்கி பஸ் ஸ்டாப்புக்கு நடந்துவிடுவோம். இவரால் முடியாது. அன்றைக்குப் பிறகு மாதம் 40, 50 பவுண்ட் வித்தியாசம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

குத்தகை நடுவில் பிப் நின்றுபோனால்?

காரைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். உடனே இல்லை, பணம் நின்றபின் பொதுவாக எட்டு வாரம் வரை வைத்திருக்கலாம், மேல்முறையீடு செய்கிறீர்கள் என்றால் உடனே போன் செய்து சொல்லுங்கள். பாதிக்கப்பட்டவர் இறந்துபோனாலும் கார் திரும்பப் போகும். இதை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை, ஆனால் துக்க வீட்டில் கார் சாவியைத் தேடுகிற நிலை வரக் கூடாதென்றால் முன்பே தெரிந்திருப்பது நல்லது. மறுமதிப்பீடு சீக்கிரம் வரப்போகிறது, தொகை தொடருமா என்று பயம் இருக்கிறது என்றால், முன்பணம் அதிகம் கேட்கும் காரை எடுக்காதீர்கள். சொந்தக் காரில் இந்தப் பயம் இல்லை.

சாலை வரி, கன்ஜெஷன் சார்ஜ் இதெல்லாம்?

சொந்தமாக வாங்கினால் சாலை வரி கட்ட வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். உயர்ந்த விகித நடமாட்டத் தொகை வாங்குகிறவருக்கு ஒரு காருக்கு முழு விலக்கு உண்டு, அந்தக் கார் அவருடைய தேவைக்காக ஓட வேண்டும், அவ்வளவுதான். பிப்பின் குறைந்த விகிதக்காரர்களுக்குப் பாதி. 2025 ஏப்ரலில் ஹைபிரிட்டுகளுக்கான சலுகை போய், வருடம் 195 பவுண்ட் ஆகிவிட்டதால் இந்த விலக்கைக் கேட்டு வாங்குங்கள். லண்டன் நடுப்பகுதிக்குள் காரில் நுழையக் கட்டும் கன்ஜெஷன் சார்ஜில் பிளக்-இன்னுக்குச் சலுகை இல்லை, ஆனால் மாற்றுத்திறனாளிகளுக்கான பார்க்கிங் அட்டையான புளூ பேட்ஜ் இருந்தால் பதிவு செய்து முழு விலக்குப் பெறலாம்.

சக்கர நாற்காலி உள்ளே போகுமா?

எல்லாரும் கடைசியாகக் கேட்கிற இதைத்தான் முதலில் கேட்க வேண்டும். பிளக்-இன்னில் பேட்டரிக்காக டிக்கியின் தரையை உயர்த்தியிருப்பார்கள், ஸ்பேர் டயரும் அனேகமாக இருக்காது. அதே மாடலின் பெட்ரோல் காரில் நிமிர்ந்து நிற்கும் நாற்காலி பிளக்-இன்னில் மூடி இடிக்கும். ஒரு டீலர் எங்களிடம் கையேட்டைக் காட்டி, "லிட்டர் கணக்கு தாராளமாக இருக்கிறது" என்றார். நாற்காலி லிட்டரில் போவதில்லையே, மடித்து நிறுத்தினால் அகலம் எவ்வளவு, உயரம் எவ்வளவு என்பதுதான் கணக்கு. நாற்காலியை எடுத்துவந்து தூக்கிப் பார்த்தபோது சக்கரம் இரண்டு அங்குலம் வெளியே நின்றது.

டிக்கியின் விளிம்பு எந்த உயரத்தில் இருக்கிறது என்றும் பாருங்கள். இவருடைய நாற்காலி 16 கிலோ. விளிம்பு இடுப்புக்கு மேலே இருந்தால் ஒரு நாளைக்கு நாலு தடவை தூக்குவதில் என் முதுகு போய்விடும், அப்புறம் வீட்டில் இரண்டு நோயாளி. சின்ன கிரேன் பொருத்தலாம். மோட்டபிலிட்டியில், கார் எடுக்கும்போதே கேட்டால் கைக் கட்டுப்பாடு, இடதுகால் ஆக்சிலரேட்டர் போன்ற பல மாற்றங்களைக் கூடுதல் பணம் இல்லாமல் செய்து தருகிறார்கள். சொந்தக் காரில் அந்தச் செலவு நம்முடையது, வாட் விலக்கு மட்டும் கிடைக்கும்.

வயர் மாட்டுவது கஷ்டமா?

ஒரு கையால் மாட்டுவது கஷ்டம். குளிரில் அந்த வயர் விறைத்துப்போய்ச் சுருளைப் பிரிக்கவே விடாது. என் கணவர் இடது கையால் பிளக்கைப் பிடித்துத் தொடையால் அழுத்தி உள்ளே தள்ளுவார், கழற்றும்போதுதான் நான் போக வேண்டும். சார்ஜ் வாசல் காரின் எந்தப் பக்கம் இருக்கிறது, உங்கள் சுவர் பிளக் எந்தப் பக்கம், நாற்காலி போகும் வழியில் வயர் குறுக்கிடுமா என்பதை வீட்டு வாசலில் நின்று யோசியுங்கள்.

எப்படியும் மின்சாரம்தான் வரப்போகிறது, முழு மின்சாரக் காரே எடுத்துவிடலாமே?

வீட்டில் சார்ஜர் இருந்து, நீண்ட பயணம் குறைவு என்றால் தாராளமாக எடுங்கள். நாங்கள் எடுக்காததற்குக் காரணம் பொது சார்ஜர்கள். பல இடங்களில் நாற்காலியை இறக்க இடம் இல்லை, சார்ஜரைச் சுற்றிக் கல்விளிம்பு, திரை நின்றுகொண்டு பார்க்கிற உயரத்தில். எல்லாரும் பயன்படுத்தும்படி சார்ஜர் எப்படி அமைய வேண்டும் என்று 2022இல் பாஸ் 1899 என்ற தரநிலை வந்தது, மோட்டபிலிட்டி அறக்கட்டளையும் அதற்குத் துணை நின்றது. தரநிலை வந்துவிட்டது, அதன்படி அமைந்த சார்ஜரை எங்கள் வழியில் இன்னும் தேடத்தான் வேண்டியிருக்கிறது. லெஸ்டருக்கு அண்ணன் வீட்டுக்குப் போகும்போது பெட்ரோல் இருப்பது எனக்கு நிம்மதி. ஹாரோவிலிருந்து ஈலிங் அம்மன் கோவிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய்வருவது முழுக்க மின்சாரத்தில். 2028 ஏப்ரலிலிருந்து மின்சாரக் காருக்கு மைலுக்கு 3 பென்ஸும் பிளக்-இன்னுக்கு 1.5 பென்ஸும் வரி வரும் என்று அறிவித்திருக்கிறார்கள், அதையும் கணக்கில் வையுங்கள்.

மகன் மோட்டபிலிட்டி காரை யூனிவர்சிட்டிக்கு எடுத்துப் போகலாமா?

கூடாது. கார் பாதிக்கப்பட்டவரின் பயனுக்காக ஓட வேண்டும். அப்பாவுக்கு மருந்து, சாமான் வாங்கப் போகலாம். காரை வேறு ஊரில் வைத்துக்கொள்வது, உணவு டெலிவரிக்கு ஓட்டுவது எல்லாம் விதிமீறல், கார் போய்விடும். இளைஞர்களை ஓட்டுநராகச் சேர்ப்பதற்குக் கட்டுப்பாடுகளும் உண்டு.

நாலு மாதம் ஊரில் இருந்துவிட்டு வரலாம் என்று நினைக்கிறோம்.

பிப் வாங்குகிறவர் வெளிநாட்டில் 13 வாரத்துக்கு மேல் இருந்தால் தொகை நின்றுவிடும், மருத்துவச் சிகிச்சைக்காகப் போனால் 26 வாரம் வரை. தொகை நின்றால் காருக்கான பணமும் நிற்கும். யாழ்ப்பாணம் என்றாலும் சென்னை என்றாலும் டிக்கெட் போடும் முன்பே இதை எண்ணிப் பாருங்கள், நீண்ட நாள் போவதை முன்கூட்டியே தெரிவியுங்கள். நின்ற காரில் 12 வோல்ட் பேட்டரி இறங்கிவிடும், பக்கத்து வீட்டுக்காரரை வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள், அவர் பெயர் இன்சூரன்ஸில் இல்லையென்றால் சாலையில் இறக்க வேண்டாம்.

பழைய பிளக்-இன் வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

முழுதாக சார்ஜ் ஏற்றி வைக்கச் சொல்லி, எத்தனை மைல் மின்சாரத்தில் போகிறது என்று நீங்களே ஓட்டிப் பாருங்கள். பேட்டரி உத்தரவாதம் பெரும்பாலும் 8 வருடம் அல்லது ஒரு லட்சம் மைல், அதில் எவ்வளவு மீதம் என்று பாருங்கள். சார்ஜ் வயர் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் டிக்கியில் கிடந்தால், முன்பு வைத்திருந்தவர் ஒருநாள்கூட மாட்டவில்லை, எஞ்சின்தான் எல்லா மைலும் உழைத்திருக்கிறது.

டெஸ்ட் டிரைவுக்கு என்ன எடுத்துப் போக வேண்டும்?

நாற்காலி, ஊன்றுகோல், வழக்கமாகப் போடும் குளிர் கோட்டு, முக்கியமாக, காரில் உட்காரப் போகிறவர். அவரை வீட்டில் விட்டுவிட்டுப் பிள்ளைகள் மட்டும் போய்த் தேர்ந்தெடுத்த கார்களைப் பார்த்திருக்கிறேன், கூரை தாழ்வாக இருந்து தலை இடிக்கும். ஏறி இறங்க மூன்று முறை சொல்லுங்கள், முதல் முறை யாருக்கும் உற்சாகத்தில் வலி தெரியாது. எங்கள் வீட்டில் இவர் மூன்றாவது முறை இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டு, "இது வேண்டாம், அந்த வெள்ளைக் காரைப் பார்ப்போம்" என்றார். அந்த வெள்ளைக் கார்தான் இப்போது வாசலில் நிற்கிறது.